நாலாவது ஏரி

— அதுக்கில்லீங்க, எடம் நல்லாத்தான் இருக்கும். வழிதான் சரியில்ல.

— இன்னும் எடத்தையே பாக்கல மேரி. அதுக்குள்ள வழி சரியில்லியா?

— பள்ளமும் மேடுமா இருக்குது பாருங்க. வண்டில நாம ரெண்டு பேரு வர்றதுக்கே இடுப்பு கழண்டுடும் போல இருக்குது. பதினஞ்சு பேரு வேன்ல வந்தா என்னாகறது? உங்க அக்காவுக்கு ஏற்கெனவே முதுகு வலி.

— அக்கா முதுகப் பத்தி அக்கா கவலப்படட்டும். நீ கெட்டியாப் புடிச்சிக்க.

— புடிச்சிட்டுத்தான் இருக்கறேன். மெதுவாப் போங்க.

— இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி சாஞ்சிடும்.

— ரெண்டு பக்கமும் மாமரம் எப்பிடிப் பூத்திருக்குது பாத்தீங்களா? இலையே தெரியல. வேப்பனப்பள்ளி வேப்பனப்பள்ளின்னு பஸ்ஸுல போர்டு பாத்ததோட சரி, இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல.

— இத்தன வருசமா இந்த ஜில்லாவுலதான இருக்கற?

— தளியில பொறந்தேன், மத்திகிரிக்கு வாக்கப்பட்டேன். நடுவுல வேப்பனப்பள்ளிக்கு எனக்கு என்ன வேல? ஏங்க, உங்க போன் கத்துது. அக்காவா?

— வண்டி ஓட்டிட்டு நான் எப்பிடிப் பாக்கறது? சட்டப் பையில இருக்குது, எடுத்துப் பாரு.

— அக்கா இல்ல. மெசேஜ். ஆந்திராவுக்கு வந்ததுக்கு வணக்கம்னு போட்டிருக்குது. நாம ஆந்திராவுக்கா வந்துட்டோம்?

— இல்ல மேரி. பார்டர் பக்கம்ல, இந்த மலைக்கு அந்தாண்ட அவங்க ஊரு. அவங்க டவரு புடிச்சிருக்கும்.

— இருந்துட்டுப் போகட்டும். போட்ட பெட்ரோலுக்கு ரெண்டு ஸ்டேட்டு பாத்தாச்சு.

— போன வாரம் கர்நாடகா டவரு. அடுத்து டெல்லிதான் பாக்கி.

— கூட்டிட்டுப் போங்களேன், வேணாம்னா சொல்றேன்?

— நீ எதத்தான் வேணும்னு சொல்லியிருக்கற? மூணு வாரமா மூணு ஏரி பாத்தாச்சு. டேம் பக்கம் பாத்தது கூட்டமா இருக்குதுன்ன. ரெண்டாவது எடத்துல ஆனை வரும்ன. மூணாவது எடத்துல பெங்களூரு பசங்க பாட்டப் போட்டுட்டு ஆடறாங்கன்ன. எங்க கம்பெனில க்யூசி செக்சன்ல உன்ன உக்கார வெச்சா ஒரு பீஸு கேட்டத் தாண்டாது. எல்லாம் ரிஜெக்ட்டுதான்.

— சொல்வீங்க. சின்னப் புள்ளைங்களும் வர்றாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கேப்பாங்க? அன்னமேரிதான எடம் பாத்தாம்பாங்க.

— யாரு சொல்லப் போறா?

— வேற யாரு, உங்க அக்கா ஜெசி அண்ணிதான். போன்ல எவனோ ஏரிக்கரைல டென்ட் போட்டு உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, நாமளும் குடும்பத்தோட போகணும்னு ஆரம்பிச்சதே அவங்கதான? ஆமா, அவங்க என்ன சொல்றாங்க? கொஞ்ச நாளா எனக்கு போனே காணோம்.

— அது என்ன சொல்லும்... பல்லு வலின்னுச்சு.

— எடத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?

— எடம் பாக்கறது நம்ம வேலதான? அதோ போர்டு தெரியுது. எறங்கு, கால் மரத்திருக்கும். பாத்து எறங்கு.

*

— வாங்க சார், வாங்க மேடம். போன் பண்ண ஜான்பீட்டர் சார் நீங்கதானே? நான் சென்னகிருஷ்ணன். தோப்பு நம்மளுது, டென்ட்டு நம்மளுது. ஏரி மட்டும் கவர்மென்ட்டுது.

— இது என் வீட்டுக்காரம்மாங்க, அன்னமேரி. இவங்க ஓகே பண்ணாத்தான் ஓகே.

— அவுனு சார், எங்க வூட்லயும் அதான் ரூல்சு. ஏமே காளியம்மா! ரெண்டு டீ! தோ வந்துடும். எத்தினி பேரு சார் வர்றீங்க?

— பதினஞ்சு பேருண்ணா. இவரு அக்கா குடும்பம், அவங்க மருமகன் வூட்டு ஆளுங்க, நாங்க, எங்க பையன். கோயமுத்தூர்ல படிக்கறான், லீவுக்கு வருவான். அதுல சின்னப் பசங்க அஞ்சு பேரு. அதான் தண்ணி பக்கம்னா பயமா இருக்குது.

— ஒண்ணும் பயம் இல்ல மேடம். இப்பிடி வாங்க, வந்து பாருங்க. டென்ட்டு போடற எடம் இது, மேடு. தண்ணி அங்க கெடக்குது, பள்ளத்துல. நடுவுல கம்பி வேலி போட்டு கேட்டு வெச்சிருக்கறேன். சாயங்காலம் ஆச்சுன்னா கேட்டு பூட்டிடுவேன். சாவி என்கிட்டதான்.

— பூட்டறாராம் மேரி.

— கேட்டுச்சுங்க. அண்ணா, பாம்பு பூச்சி?

— சருகு ஒண்ணு இருக்குதா பாருங்க மேடம். தெனம் கூட்டறது. பாம்பு ஒளியறதுக்கு எடமே லேது. ராத்திரி பூரா லைட்டு. நாய் ரெண்டு இருக்குது. கரண்ட்டு போனா இன்வெர்ட்டரு.

— பாத்ரூம்?

— லேடீஸுக்குத் தனி, ஜென்ட்ஸுக்குத் தனி. போய்ப் பாத்துட்டு வாங்க மேடம். எல்லாரும் அதத்தான் மொதல்ல பாப்பாங்க... சார், நீங்க நிக்கறீங்க? நீங்க எதுவும் கேக்கலியா?

— அவங்க வரட்டும். அவங்க கேப்பாங்க.

— கறாரா மேடம்?

— ரொம்ப. நாலாவது எடம் இது.

— என் எடம் பாத்துட்டு யாரும் வேணாம்னு போனதில்ல சார். பாருங்களேன், முடிச்சிட்டுத்தான் போவாங்க.

— ம்... வந்துட்டியா. எப்பிடி இருக்குது மேரி?

— டைல்ஸு போட்டிருக்குதுங்க. பளபளன்னு இருக்குது. பக்கெட்டு, மக்கு, சோப்பு எல்லாம் இருக்குது. கெட்ட வாசன கூட இல்ல.

— தாழ்ப்பா எப்பிடி? இந்தப் பக்கம் லூசா ஆடுது பாரு. நான் ஜென்ட்ஸ் கதவத் தொட்டுப் பாத்தேன்.

— நாளைக்கே ஸ்க்ரூ போட்டுடறேன் சார்.

— அண்ணா, இந்த மாம்பூவுல பூச்சி இருக்குமே? கீழ நின்னா தேன் மாதிரி பிசுபிசுன்னு சொட்டுது. தோ, என் முந்தானையில ஒட்டுது பாருங்க. புள்ளைங்க தலையில எல்லாம் ஒட்டிக்கும்.

— ஆமா மேரி, கரெக்ட்டு. இது ஒரு பிரச்சனதான். என் கையிலயும் ஒட்டுது.

— அய்யோ சார், அது பூ இருக்கற வரைக்கும்தான். பிஞ்சு புடிச்சா பூச்சி போயிடும். நீங்க எப்ப வர்றீங்க? அடுத்த மாசமா?

— அது இன்னும்... தேதி முடிவு பண்ணல.

— என்னங்க, பரீட்ச முடிஞ்சதும்னுதான அண்ணி சொன்னாங்க?

— ஆமா, பரீட்ச. பரீட்ச முடிஞ்சதும்.

— அப்ப ஒண்ணும் ப்ராப்ளமே லேது! மாங்கா தொங்கும். கைய நீட்டிப் பறிச்சுக்கலாம், காசு வாங்க மாட்டேன். பசங்களுக்கு கொண்டாட்டம்.

— சமையலு எப்பிடிண்ணா? பதினஞ்சு பேருக்கு அடுப்பு வெக்கணும், வெறகு வேணும், பாத்திரம் வேணும். அதெல்லாம் நான் மத்திகிரில இருந்து தூக்கிட்டு வர முடியாது.

— நீங்க எதுக்கு மேடம் தூக்கணும்? எங்க காளியம்மா இருக்குது. களி, கோழிக் கொழம்பு, ஏரி மீனு, காலைல இட்லி. எது வேணும்னு சொல்லிட்டா போதும். நீங்க உக்காந்து சாப்பிட்டுட்டு கை கழுவுனாச் சரி.

— நான் சமைக்கவே வேணாமா?

— அடுப்புப் பக்கமே வரக் கூடாது. வந்தா காளியம்மா திட்டும்.

— வேற எதாவது பாக்கணுமா மேரி? நல்லா யோசி. கொசு?

— கொசு... சாயங்காலம் வருமாண்ணா?

— வேப்பந்தழ மூட்டம் போட்டுடுவோம் மேடம்.

— காத்து அதிகமா அடிச்சா டென்ட்டு தாங்குமா? துணி கொஞ்சம் மெலிசா இருக்கற மாதிரி இருக்குது. தொட்டுப் பாரு மேரி.

— சார். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எடம் பாக்க வந்தீங்களா, குத்தம் பாக்க வந்தீங்களா? மேடமே சும்மா இருக்கறாங்க, நீங்க எடுத்துக் குடுக்கறீங்க.

— அய்யய்யோ அப்பிடியெல்லாம் இல்ல அண்ணே. சும்மா கேட்டேன்.

— ரெண்டு பேரும் கரையில போய் உக்காந்து பேசிட்டு வாங்க. கல்லு பெஞ்சு இருக்குது. டீ இன்னும் காணோம், நான் போய்ப் பாத்து எடுத்துட்டு வர்றேன். ஏமே காளியம்மா!

*

— பாவம், மனுசன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. நீங்க எதுக்குங்க டென்ட்டுத் துணியெல்லாம் புடிச்சுப் பாக்கறீங்க?

— உனக்கு ஒத்தாசைக்குத்தான்.

— அதோ அங்க பாருங்க, நாரை. ஒத்தக் கால்ல நிக்குது.

— ம்.

— தண்ணி எவ்ளோ தெளிவா இருக்குது. நம்ம பக்கம் ஆத்துல மழ பேஞ்சா நுரைதான் வருது.

— ம்.

— நல்லா இருக்குதுங்க.

— எது? நாரையா?

— இந்த எடம். ஒரு கொறையும் இல்ல.

— தாழ்ப்பா ஆடுதே.

— ஒரு ஸ்க்ரூ போட்டா முடிஞ்சுது. வேணும்னா நீங்களே போட்டுடுவீங்க.

— அப்ப இதையே முடிச்சிடலாமா? மேரி? ஏன் கண்ணு கலங்குது?

— காத்துல தூசி.

— காத்து அந்தப் பக்கமால்ல அடிக்குது. என்னான்னு சொல்லு.

— கோவிச்சுக்க மாட்டீங்களே?

— மொதல்ல சொல்லு.

— மொத வாரம் பாத்தமே, டேம் பக்கம். அதுவும் நல்லாத்தான் இருந்துது. கூட்டம்னு சொன்னேன். அன்னிக்கு நம்மள விட்டா ஒரே ஒரு குடும்பம்தான் இருந்துது. அவங்களும் தள்ளி உக்காந்து புளிசாதம் சாப்பிட்டிட்டிருந்தாங்க.

— அப்புறம் ஏன் வேணாம்ன? சமைக்கணுமேன்னா?

— அதுவும்தான். பொய் சொல்லக் கூடாது, அதுவும் இருந்துது. ஏரிக்கரைக்குப் போயும் நான் கொழம்புச் சட்டியத்தான பாத்துட்டு நிக்கப் போறேன்னு நெனச்சேன். இன்னிக்கு அதுவும் போச்சு. காளியம்மா வந்து அதையும் எடுத்துட்டுப் போயிடுச்சு.

— சந்தோசப்பட வேண்டியதுதான?

— எடம் முடிவாயிடுச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கெழம நாம எங்க போறதுங்க? சிரிச்சிடாதீங்க.

— சிரிக்கல. சொல்லு.

— அத்தை படுத்ததுல இருந்து எட்டு வருசம். அவங்க மேல நான் கொறை சொல்லல. கடைசி வரைக்கும் வாயில என் பேருதான். பெத்த பொண்ணு கிறிஸ்மஸுக்கு கேக்கோட வந்துட்டுப் போனாக் கூட, 'மேரி எங்க, மேரி எங்க'ம்பாங்க. ஆனா நான் தெரு முனைல இருக்கற கோழிக்கடையத் தாண்டல. நீங்க நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா நான் அவங்களக் குளிப்பாட்டிட்டு இருப்பேன். நான் கை கழுவிட்டு வந்தா நீங்க தூங்கிட்டிருப்பீங்க. நாம பேசிக்கிட்டதெல்லாம், மாத்திர வாங்கியாச்சா, கேஸு புக் பண்ணியாச்சா.

— அது எனக்கும் தெரியுது மேரி.

— அவங்க போனப்பறம் எல்லாரும், இனிமேலாவது எங்கயாச்சும் போய்ட்டு வா மேரின்னாங்க. எங்க போறது? காலைல எந்திரிச்சா கை தானா வெந்நி போடப் போவுது. அப்பதான் அண்ணி இத ஆரம்பிச்சாங்க. மொத ஞாயிறு, முதல் பூச முடிஞ்சு அப்பிடியே கௌம்புனோம். ஞாபகம் இருக்குதா? வழியில பேக்கரில நிறுத்துனீங்க.

— தேங்கா பன்னு.

— அதேதான். வாங்கி ரெண்டாப் பிச்சுக் குடுத்தீங்க. குடுத்துட்டு, உனக்கு இது புடிக்குமா புடிக்காதான்னே மறந்து போச்சுன்னீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. புடிக்கும்னு சொன்னேன். எனக்கே அது தெரியல, ஆனா சாப்பிட்டப்ப ரொம்பப் புடிச்சுது.

— ம்.

— அப்புறம் வண்டில பேசிட்டே வந்தேன். பக்கத்து வூட்டுப் பொண்ணு கத, பங்குச் சாமியார் பிரசங்கத்துல தூங்குன கத, எங்க அப்பா என்ன சைக்கிள்ல வெச்சு சந்தைக்குக் கூட்டிட்டுப் போன கத. நீங்க எல்லாத்துக்கும் ம், ம்னு கேட்டுட்டே வந்தீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க எந்திரிச்சுப் போகாம கேட்டது அன்னிக்குத்தான்.

— வண்டி ஓட்டறவன் எந்திரிச்சு எங்க போறது?

— அதத்தான் நானும் சொல்றேன்.

— சரி. சிரிச்சிட்டல்ல? கண்ணத் தொடச்சிக்க.

— இன்னும் ஒண்ணு இருக்குது. அதையும் சொல்லிடறேன். அந்த ரெண்டாவது ஏரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம். கரையில ஆடு மேச்சிட்டிருந்தாரே ஒரு பெரியவரு, அவருகிட்ட நான் கன்னடத்துல கேட்டேனே. அவரு ஆனை வரும்னு சொல்லல. நானாத்தான் அப்பிடி மாத்தி உங்ககிட்ட...

— 'ஆனெ பரல்லம்மா, இல்லி பரல்ல'ன்னாரு.

— ...என்னது?

— இங்கெல்லாம் ஆனை வராதும்மான்னு சொன்னாரு. நீ திரும்பி என்னப் பாத்து, ஆனை கூட்டம் கூட்டமா வருமாங்க, போன வாரம் ஒரு மோட்டார் ரூமையே இடிச்சுப் போட்டுடுச்சாங்கன்ன. மோட்டார் ரூமு சூப்பர் மேரி. அத நான் எதிர்பாக்கல.

— உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?

— கம்பெனில என் லைன்ல பாதிப் பேரு கர்நாடகாக்காரங்க, ஆனேக்கல்லு ஆளுங்க. இருவது வருசமா அவங்க கூடத்தான் டீ குடிக்கறேன், சண்ட போடறேன். பரல்லன்னா வராதுன்னு கூடவா தெரியாது?

— அய்யோ மாதாவே! தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லாம வண்டிய எடுத்தீங்க? நான் வழி பூரா ஆனைக் கதையா சொல்லிட்டு வந்தேனே!

— நல்லா இருந்துது கத. ஊரு வந்துடப் போகுதேன்னு சுத்து வழியில வந்தேன். நீ கவனிக்கல.

— ரெண்டு பேரும் டீ எடுத்துக்கோங்க! என்ன மேடம், மொகம் எல்லாம் செவந்திருக்குது? சார் திட்டுனாரா?

— இல்லண்ணா, சிரிச்சு சிரிச்சுத்தான்.

— அப்ப எடம் புடிச்சிருக்குது!

— புடிச்சிருக்குதுண்ணா. ரொம்பப் புடிச்சிருக்குது. டீ குடிச்சிட்டு வந்து சொல்றோம், அஞ்சு நிமிசம்.

— நிதானமா வாங்க மேடம். அவசரமே லேது. நான் அதுக்குள்ள தாழ்ப்பாளப் பாக்கறேன், இல்லேன்னா சார் விட மாட்டாரு.

— போய்ட்டாரா? ஏங்க, நான் யோசிச்சுப் பாத்தேன். இதையே முடிச்சிடலாம்.

— நெசமாவா?

— நெசமாத்தான். எனக்கு வண்டில சுத்தறது புடிச்சிருக்குதுங்கறதுக்காக மத்தவங்க ஆசையக் கெடுக்கறதா? அண்ணி பாவம், முதுகு வலியோட ஆசப்பட்டுக் கேட்டாங்க. சின்னப் புள்ளைங்க நாள எண்ணிட்டிருக்கும். காளியம்மா சமைக்கறேங்குது. நானும் கால நீட்டி உக்காந்து எல்லாருகூடயும் சாப்பிடறேன். அண்ணிக்கு இப்பவே போன் போட்டு எடம் கெடச்சிடுச்சுன்னு சொல்லுங்க. வீடியோல தண்ணியக் காட்டுங்க.

— டவரு இல்ல மேரி.

— ரெண்டு கோடு நிக்குதே. ஆந்திரா டவரா இருந்தா என்ன, பேசினா கேக்காதா? குடுங்க, நானே போடறேன்.

— வேணாம்.

— ஏன் வேணாம்? நான் மனசாரத்தான் சொல்றேன். உங்களுக்கு இன்னும் எம்மேல கோவமா?

— கோவம் இல்ல. போன வெச்சிட்டு டீயக் குடி, ஆறுது. சொல்றேன்.

— சொல்லுங்க.

— அக்கா வரல மேரி. மருமகன் வூட்ல ஊட்டிக்குப் போறாங்களாம், அதுவும் கூடப் போவுது. எனக்கு போன் பண்ணி, மேரிகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியலடா, அலைஞ்சு அலைஞ்சு எடம் பாக்கறாளேன்னுச்சு. நானே சொல்லிக்கறேன், நீ அவளுக்கு போன் பண்ணாதன்னுட்டேன்.

— எப்பங்க சொன்னாங்க? நேத்தா?

— ரெண்டாவது ஏரிக்கு நாம கௌம்புனோமே, அதுக்கு முந்தின நாளு.